‘இழுக்குது’ன்னா என்ன?

“சார், அம்மாவுக்கு இழுக்குது சார். சீக்கிரம் வாங்க சார்.”

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன முடிவெடுப்பீர்கள்?

ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு இழுக்கும். வலிப்பு வந்தவருக்குக் கை கால் இழுக்கும். பக்கவாதத்தில் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். உயிர் ஊசலாடும்போதும் ‘மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கு’ என்றுதான் நம் வீடுகளில் சொல்கிறார்கள். சொல் ஒன்று, நோய் நாலு. வண்டி வரும்வரை போனில் சொல்ல வேண்டியதும் நாலு விதம். ஆஸ்துமாக்காரரை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். படுக்க வைத்தால் இன்னும் திணறுவார். வலிப்புக்காரர் கையில் சாவியைத் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பக்கவாதம் என்றால் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு முதல் நாலரை மணி நேரம்தான் பொதுவான கெடு. நாலாவது ரகம்தான் மோசம். இதயம் நின்ற பிறகும் சிலருக்குச் சில நிமிடங்கள் வாய் பிளந்து, விட்டு விட்டு மூச்சு இழுக்கும். பார்ப்பவருக்கு அது மூச்சு மாதிரி இருக்கும். “மூச்சு இருக்கா?” என்று கேட்டால் “இருக்கு, இழுக்குது” என்பார்கள். அதை நம்பிவிட்டால் நெஞ்சை அமுக்கச் சொல்லாமல் விட்டுவிடுவோம்.

பதினொரு வருஷம் அவசர அழைப்பு மையத்தில் வேலை பார்த்தேன். நாலு வருஷம் ஹெட்செட் மாட்டி அழைப்பு எடுத்தேன், மீதி ஏழு வருஷம் ஷிப்ட் மேற்பார்வை. எந்த மையம் என்று எழுதப்போவதில்லை. தமிழ்நாட்டில்தான், ஆம்புலன்ஸ் வேலைதான், அது போதும். என்னோடு இருந்தவர்கள் பலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

108 என்றால் ஆம்புலன்ஸ் என்று இன்று நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். ஆனால் 2005 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் ஆரம்பித்து, 2008 செப்டம்பரில்தான் அது தமிழ்நாட்டுக்கு வந்தது. அதற்கு முன்னால் எங்கள் ஊரில் ராத்திரி பிரசவ வலி எடுத்தால், டாக்ஸி ஸ்டாண்டில் அம்பாசடருக்குள் தூங்கும் டிரைவரைத் தட்டி எழுப்ப வேண்டும். அவர் முதலில் கேட்பது “ரத்தம் கித்தம் படுமா?” என்றுதான். நான் பிறந்த கதையும் அப்படித்தான். அம்மா மடியில் ரெண்டு பழைய புடவையை விரித்த பிறகே வண்டி கிளம்பியதாம்.

மேற்பார்வை என்றதும் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நடக்கிற ஆள் என்று நினைப்பீர்கள். நடப்பது உண்டு. ஆனால் நிஜமான வேலை என் மேசை போனில் இருந்த மூன்று பொத்தான்களில்தான். முதல் பொத்தானை அமுக்கினால் எந்த இருக்கையில் நடக்கும் பேச்சையும் கேட்கலாம், அவர்களுக்குத் தெரியாது. ரெண்டாவதை அமுக்கினால் நான் பேசுவது எங்கள் ஆளின் காதுக்கு மட்டும் போகும், கூப்பிட்டவருக்குக் கேட்காது. மூன்றாவதை அமுக்கினால் நானே நடுவில் புகுந்து பேசலாம்; ரெண்டு பேருக்கும் கேட்கும். பெரும்பாலான கால் சென்டர்களில் இந்த மூன்று வசதியும் இருக்கும். அங்கே மேனேஜர் மூன்றாவதை அமுக்கினால் ஒரு கிரெடிட் கார்டு கூடுதலாக விற்கும். எங்கள் அறையில் அதை அமுக்கினால் என்ன ஆகும் என்பதை ஒரு மழை ராத்திரியில் தெரிந்துகொண்டேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் நோட்டுப் புத்தகம்.

அழைப்பு எடுக்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் இருபத்திரண்டு, இருபத்தி மூன்று வயது. நர்சிங் படித்தவர்கள், பி.எஸ்சி. முடித்தவர்கள், சிலர் வெறும் டிகிரி. பயிற்சியில் எல்லாமே சொல்லிக் கொடுப்பார்கள், ஜனங்கள் பேசுகிற தமிழைத் தவிர. புதிதாக வந்த சென்னைப் பெண் ஒருத்தி. பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், “எம் மருமவ மருந்து குடிச்சிருச்சும்மா” என்கிறார். இவள் பொறுமையாக, “என்ன மருந்துய்யா, டாக்டர் எழுதிக் குடுத்ததா? எத்தனை மூடி குடுத்தீங்க?” என்று கேட்கிறாள். கிராமத்தில் யாரும் அதை வேறு வார்த்தையில் சொல்ல மாட்டார்கள். மருந்து குடித்தார் என்றால் பூச்சிமருந்துதான். நான் ரெண்டாவது பொத்தானை அமுக்கி, “பாய்சன். வாந்தி எடுக்க வைக்காதீங்கன்னு சொல்லு, டப்பாவை வண்டில குடுத்து விடச் சொல்லு” என்றேன். ஒரு நொடி குரல் நின்றது. அப்புறம் சரியாகக் கேட்டாள். அந்த ஒரு நொடியில் அவள் முகத்தில் என்ன ஓடியது என்று பத்தடி தள்ளி உட்கார்ந்து பார்த்தேன்.

அன்றைக்கு வாங்கியதுதான் அந்த நாற்பது பக்க நோட்டு. இடது பக்கம் ஜனங்கள் சொல்வது, வலது பக்கம் அது என்னவாக இருக்கலாம் என்பது. 

‘வலி வந்துருச்சு’ என்றால் பிரசவம். ‘தண்ணி போயிருச்சு’ என்றால் பனிக்குடம் உடைந்துவிட்டது, வண்டியை இப்போதே கிளப்பு. ‘வாயு புடிச்சிருக்கு’ என்று நாற்பதைத் தாண்டியவர் சொன்னால் வாயுவாக இருக்கலாம், நெஞ்சாகவும் இருக்கலாம். வேர்க்கிறதா என்று கேள். ‘மயக்கம்’ என்பதைப் போல ஏமாற்றுகிற சொல் வேறில்லை. தலை லேசாகச் சுற்றினாலும் மயக்கம், ஒருவாரமாகச் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தாலும் மயக்கம், செத்தே போயிருந்தாலும் மயக்கம். அதனால் ‘மயக்கமா?’ என்று கேட்கவே கூடாது. ‘பேர் சொல்லிக் கூப்புடுங்க, கண்ணைத் தொறக்குறாங்களா?’ என்று கேள். ‘கேக்குறதுக்குப் பதில் சொல்லல’ என்றால் கோபமா, காது கேளாதா, நினைவில்லையா பார். ‘பூச்சி கடிச்சிருச்சு’ என்று இருட்டின பிறகு அழைப்பு வந்தால் அது பூச்சி இல்லை. ராத்திரியில் பாம்பு என்று பேர் சொல்லக் கூடாது என்பது நம் ஊர் வழக்கம். சில ஊர்களில் ‘கயிறு’ என்பார்கள்.

பாம்பு பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

ஒரு விடிகாலை, நாலரை இருக்கும். அந்த நேரத்தில் அறை முழுக்க ஏ.சி. சத்தம்தான். சும்மா ஒரு இருக்கையைக் கேட்கத் தொடங்கினேன். ஒரு அம்மா, எட்டு வயசுப் பையன். வயிற்றுவலி என்று அழுதான், ரெண்டு தரம் வாந்தி எடுத்தான், இப்போது தூங்கித் தூங்கி விழுகிறான். எங்கள் பெண் ‘வயிற்றுவலி, வாந்தி’ என்று தட்டிவிட்டு, நேற்று என்ன சாப்பிட்டான் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். ஹோட்டலில் வாங்கிய பரோட்டாவாம். எல்லாம் பொருந்தி வருகிறது. அந்த அம்மா நடுவில் ஒரு வார்த்தை சொன்னாள்: “கண்ணு சொக்கிச் சொக்கிப் போவுதும்மா, தொறந்து வுட்டாலும் மூடிக்குது.”

ரெண்டாவது பொத்தான். “எங்க படுத்திருந்தான்னு கேளு. கட்டிலா, தரையா?”

தரையில் பாய் போட்டுத்தான்.

“எச்சில் முழுங்க முடியுதான்னு கேளு.”

முடியவில்லை. வாயோரம் வழிகிறது.

கட்டுவிரியன் பெரும்பாலும் ராத்திரியில், தரையில் படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கும். பல் பதிந்த தடம் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம், வலியும் வீக்கமும் இல்லாமலே இருக்கலாம். வயிற்றுவலி, வாந்தி, அப்புறம் இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது, கடைசியில் மூச்சுத் தசைகளே நின்றுபோவது. ‘தூக்கம் வருது’ என்று வீட்டில் நினைப்பது இமைகளின் தசை செயலிழப்பதைத்தான். மையத்து டாக்டரை லைனில் சேர்த்தோம். பக்கத்தில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தோடு நிற்காமல், வென்டிலேட்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே நேராக விடச் சொன்னார். வண்டியில் ஏறியபோது பையன் தலையைத் தூக்க முடியவில்லை என்று இ.எம்.டி. (வண்டியில் கூடவே வரும் மருத்துவ உதவியாளர்) சொன்னார். நாலு நாள் வென்டிலேட்டரில் இருந்தான். பிழைத்துக்கொண்டான்.

“பாம்புன்னு அவங்க சொல்லவே இல்லையேக்கா” என்றாள் எங்கள் பெண், ஏதோ என்னிடம் திட்டு வாங்கியவள் மாதிரி. அவள் கேட்ட கேள்விகளில் தப்பே இல்லை. எனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்றால், எங்கள் சித்தப்பா மகன் அப்படித்தான் போனான். படித்துத் தெரிந்துகொண்டது ஒன்றுமில்லை.

இதைப் படிப்பவர்களுக்கு: எந்தப் பாம்பு என்று தேடிக்கொண்டு நிற்காதீர்கள், அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான் ஏற்றுவார்கள். அந்த மருந்தைத் தயாரிக்கத் தேவைப்படும் பாம்பு விஷத்தில் பெரும்பங்கு, மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருளர்கள் 1978இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. கடித்த இடத்தைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், கை காலை அசைக்காமல் வைத்திருங்கள். இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் பிள்ளைகளுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. இருந்தாலும் பாதிப் பேர் பைக் செயினையோ தாவணியையோ கட்டிவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள்.

சரி, நோய் தெரிந்துவிட்டது. ஊர்?

உண்மையில் இதுதான் முதல் கேள்வி. லைன் அறுந்துபோனாலும் ஊர் தெரிந்தால் வண்டி போகும். நோய் மட்டும் தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. டவர் இருப்பிடம் திரையில் வரும்தான். கிராமத்தில் அது சில கிலோமீட்டர் அகலமான ஒரு வட்டம். வட்டத்துக்குள் நாலு ஊர் இருக்கும், அதில் ரெண்டு ஊருக்குப் புதூர் என்று பேர் இருக்கும். தமிழ்நாட்டில் எத்தனை புதூர், எத்தனை காந்தி நகர், எத்தனை எம்.ஜி.ஆர். நகர் என்று யாராவது எண்ணியிருக்கிறார்களா தெரியாது. எனக்குத் தினமும் ஒன்று புதிதாகக் கிடைத்தது. “எந்தப் புதூர்?” என்று கேட்டால் கூப்பிட்டவருக்குக் கோபம் வரும். அவருக்கு உலகத்தில் இருப்பது ஒரே புதூர். அதனால், “புதூருக்குக் கிட்ட பெரிய ஊரு எது? சந்தைக்கு எங்க போவீங்க? பஸ்ஸு எந்த ஊர்ல இருந்து வருது?” என்று சுற்றிக் கேட்க வேண்டும்.

வெளியூர்க்காரர் நெடுஞ்சாலையில் விபத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டால் இன்னும் சிரமம். அவருக்கு எந்த ஊரைத் தாண்டினோம் என்பதே தெரியாது. அப்போது உதவுவது எழுத்துதான். கிலோமீட்டர் கல் தெரிகிறதா? மேல்பாகம் மஞ்சளா பச்சையா? மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநிலச் சாலை. கல் இல்லையா, பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறதா? ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி’ என்று ஆரம்பித்து ஊர், ஒன்றியம், மாவட்டம் மூன்றையும் ஒரே பலகையில் எழுதி வைத்திருப்பது நம் அரசாங்கம் எங்களுக்குச் செய்த பேருதவி. ரேஷன் கடைப் பலகையும் அப்படியே. கரண்டு கம்பத்தில் எண் இருந்தால் அதையும் வாசிக்கச் சொல்வோம். கடை இருந்தால், போர்டின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும் முகவரி. பதற்றத்தில் இருப்பவருக்கு யோசிக்க வராது. வாசிக்க வரும். வாசிக்கத் தொடங்கியதும் குரல் தானாகத் தணிவதைப் பல நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில்தான் திட்டு விழும். “கேள்வியா கேட்டுக்கிட்டு இருக்கீங்களே, வண்டிய அனுப்புங்கய்யா மொதல்ல!” நியாயமான கோபம், ஆனால் தப்பான கணக்கு. கேள்வி கேட்பவர் வேறு, வண்டி அனுப்புபவர் வேறு. ஊர்ப் பெயரைத் தட்டிய நொடியில் அது அறையின் மறுபக்கத்தில் டிஸ்பாட்சர் திரையில் விழுந்துவிடும். நீங்கள் ‘மூச்சு இருக்கா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பைலட் சாவியைத் திருகியிருப்பார். (ஆம்புலன்ஸ் ஓட்டுநரை எங்கள் தொழிலில் பைலட் என்றுதான் சொல்வோம். முதலில் கேட்பவர்கள் சிரிப்பார்கள்.)

டிஸ்பாட்சரின் தலைவலி வேறு ரகம். திரையில் பார்த்தால் மூன்று கிலோமீட்டரில் ஒரு வண்டி. ஆனால் அது கொள்ளிடத்துக்கு அந்தக் கரையில் நிற்கும், பாலம் சுற்றி வர வேண்டும். அல்லது ரயில்வே கேட் விழுகிற நேரம். அல்லது அந்தத் தாலுக்காவிலேயே மிச்சம் இருப்பது அந்த ஒரு வண்டிதான். கால் உளுக்கியவருக்கு அதை அனுப்பிவிட்டால் அடுத்த நிமிடம் வரப்போகும் நெஞ்சுவலிக்கு என்ன செய்வது? அனுப்பாமலும் இருக்க முடியாது. பக்கத்துத் தாலுக்கா வண்டியை எல்லைவரை நகர்த்தி வைக்கச் சொல்வோம். இதெல்லாம் பாதி அனுபவம், பாதி சூதாட்டம். பழைய டிஸ்பாட்சர்கள் வரைபடத்தைவிட அந்த ஏரியா பைலட்டை நம்புவார்கள். சரியாகத்தான் நம்புகிறார்கள்.

அப்புறம், டீ.

சிரிக்க வேண்டாம், ஏழு வருஷத்தில் நான் அதிகம் சண்டை போட்டது டீக்குத்தான். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் எர்லாங் என்ற எஞ்சினியர் இருந்தார். லைனில் எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று நூறு வருஷத்துக்கு முன்பே சூத்திரம் போட்டுவிட்டார். இன்றைக்கும் கால் சென்டர் ஷிப்ட் கணக்கு அதில்தான். ஒரு உதாரணம் சொல்கிறேன். மணிக்கு 60 அழைப்பு, ஒவ்வொன்றும் சராசரி 3 நிமிடம். பெருக்கினால் மூன்று பேருக்கான வேலை. ஆனால் அழைப்புகள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வராது. ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு ஒரே நேரத்தில் ஏழு வரும். ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் சராசரிக் காத்திருப்பு சுமார் 6 வினாடி. ஐந்து பேர் என்றால் 21 வினாடி. நாலு பேர் என்றால் 90 வினாடியைத் தாண்டிவிடும். மூன்று பேர் என்றால் வரிசை நீண்டுகொண்டே போகும், முடியாது.

அதாவது ஐந்தில் ஒருத்தர் டீக்கு எழுந்து போனால் யாரோ முகம் தெரியாதவர் சராசரியாக எழுபது வினாடி அதிகம் காத்திருக்கிறார். ஆனால் டீ குடிக்காமல் எட்டு மணி நேரம் ஒப்பாரியும் அலறலும் கேட்கும் காது என்ன ஆகும் என்பதற்கு எர்லாங்கிடம் சூத்திரம் இல்லை. மேலே இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொண்டே இருந்தது ‘ஆறாவது ஆள்’. ஆறாவது ஆள் சும்மாதானே இருக்கிறார் என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தீயணைப்பு நிலையத்தில் போய் இப்படிச் சொல்வார்களா?

இந்தக் காத்திருப்பால்தான் அவசர எண் என்ற ஒன்றே பிறந்தது. 1935 நவம்பரில் லண்டன் விம்போல் தெருவில் ஒரு டாக்டர் வீட்டில் தீப்பிடித்தது. பக்கத்தில் குடியிருந்தவர் தீயணைப்புக்குக் கூப்பிட்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சு வரிசையில் மாட்டிக்கொண்டார். ஐந்து பெண்கள் இறந்துபோனார்கள். அவர் கோபமாகப் பத்திரிகைக்குக் கடிதம் எழுத, விசாரணை நடக்க, 1937இல் 999 வந்தது. உலகத்திலேயே முதல் அவசர எண் அதுதான். நம் ஊரில் எல்லாவற்றுக்குமாக 112 என்ற ஒரே எண், 2018 நவம்பரில் ஹிமாச்சலில் தொடங்கி ஒவ்வொரு மாநிலமாக வந்தது. 2017இலிருந்து இந்தியாவில் விற்கும் செல்போன்களில் அவசர பட்டன் கட்டாயம். பட்டன் போனில் 5 அல்லது 9ஐ நீள அமுக்கினால் போதும், ஸ்மார்ட்போனில் பவர் பட்டனை மூன்று தடவை. நல்ல திட்டம்தான். கூடவே சட்டைப் பையிலிருந்தும், பிள்ளை கையிலிருந்தும், ஆட்டோ சீட்டுக்கு அடியிலிருந்தும் அழைப்பு வரும். பேச்சே இல்லாத அழைப்பையும் திரும்பக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்பது என் ஷிப்டில் விதி. எங்கள் பிள்ளைகளுக்கு அது பிடிக்காது. எனக்கும்தான்.

இப்போது அந்த மழை ராத்திரி.

பதினொன்றே கால் இருக்கும். ஐந்து இருக்கை, அதில் நாலுதான் ஆள். அழைப்பு வரிசையில் சிவப்பு விளக்கு. தர்மபுரிக்காரத் தம்பி ஒருவன், சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, மெதுவாகப் பேசுகிற பையன். ஒரே அழைப்பில் எழுபது வினாடி ஓடியிருக்கிறது, திரையில் ஊர்ப் பெயருக்கான கட்டம் இன்னும் காலி. முதல் பொத்தானை அமுக்கினேன்.

“…வீட்டுல வேற பெரியவங்க யாரும் இருக்காங்களா தம்பி?”

“இல்ல சார். சார், அம்மாவுக்கு இழுக்குது சார். சீக்கிரம் வாங்க சார்.”

“வர்றோம் தம்பி. அம்மா உக்காந்திருக்காங்களா, படுத்திருக்காங்களா?”

கீச்சென்ற குரல். பயத்தில் இருபது வயசுப் பையன்களுக்கும் அப்படி ஆகும். நான் கேட்டது, ஊர் தெரியாமல் எழுபத்தைந்து வினாடியாகக் கதை பேசிக்கொண்டிருக்கும் ஒரு புது ஆளை. சிவப்பு விளக்கில் காத்திருப்பவர்கள் மூன்று பேர். மூன்றாவது பொத்தானை அமுக்கினேன்.

“தம்பி, மொதல்ல எந்த ஊர்னு சொல்லுங்க! அட்ரஸ் இல்லாம வண்டி எப்படி வரும்?”

அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. மழைச் சத்தம் மட்டும். அப்புறம் லைன் துண்டிப்பு.

தர்மபுரித் தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. “அக்கா, அது சின்னப் பையன்க்கா. மூணாவது படிக்கிறானாம்” என்றான்.

முதல் கேள்வியாக ஊரைத்தான் கேட்டிருக்கிறான். பையன் “மாரியம்மன் கோயில் பக்கத்துல” என்றிருக்கிறான். எந்த மாரியம்மன் கோயில் என்று கேட்டதற்கு “எங்க மாரியம்மன் கோயில்” என்றிருக்கிறான். அதனால்தான் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டான். அம்மா உட்கார்ந்திருக்கிறாரா என்று கேட்டது எந்த ‘இழுக்குது’ என்று கண்டுபிடிக்க. எல்லாமே சரி. நான் சேர்வதற்கு முன் நடந்த எழுபது வினாடி எனக்குத் தெரியாது. தெரியாததை அவன் செய்யாததாக எடுத்துக்கொண்டேன்.

திரும்பக் கூப்பிட்டோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டால் பிஸி. அதட்டு வாங்கிய பயத்தில் பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்டில் இருக்கும் அப்பாவுக்குப் போட்டுக்கொண்டிருந்தான் என்று அப்புறம் தெரிந்தது. அவர் போனை மிஷின் சத்தத்தில் எடுக்கவில்லை. நாலாவது தடவை எங்களை எடுத்தான். எடுத்ததும் அழுகை.

நான் முதல் பொத்தானில் இருந்தேன். கை மேசைக்கு அடியில்.

“தம்பி, நான்தான், மொதல்ல பேசுன அண்ணன். அவங்க திட்டல, மழையில சத்தமாப் பேசுனாங்க. சரியா? உங்க வீட்ல ரேஷன் கார்டு எங்க இருக்கும்னு தெரியுமா?”

“டி.வி. மேல டப்பாவுல.”

“போனை வெச்சுடாத. எடுத்துட்டு வா. அம்மா உக்காந்திருக்காங்களா?”

“குனிஞ்சு உக்காந்திருக்காங்க. விசில் அடிக்கிற மாதிரி சத்தம் வருது.”

ஆஸ்துமா. தட்டிவிட்டான். டப்பா திறக்கும் சத்தம், ஏதோ கீழே கொட்டும் சத்தம்.

“எடுத்துட்டியா? அதுல தமிழ்ல எழுதியிருக்கும் பாரு. உங்கப்பா பேருக்குக் கீழ. அத படி.”

அந்தப் பிள்ளை படித்தது. வகுப்பில் டீச்சர் முன்னால் படிப்பதைப் போல, எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கி. கதவு எண். தெரு. ஊர். ‘அஞ்சல்’ என்பதையும் விடாமல் படித்தது. வட்டம். மாவட்டம். ஒவ்வொன்றும் திரையில் விழ விழ, அந்தப் பக்கம் டிஸ்பாட்சர் வண்டி எண்ணை அமுக்கிவிட்டார்.

வண்டி போனது, நெபுலைசர் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அந்த அம்மா மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். அதனால் நான் இதை எழுத முடிகிறது. லைன் துண்டித்ததிலிருந்து பையன் மறுபடி எடுத்தது வரை மூன்று நிமிடம் நாற்பது வினாடி. ஒலிப்பதிவை அந்த வாரத்தில் ஆறு தடவை கேட்டேன். என் குரல் எனக்கே யாரோ வட்டிக்காரியின் குரல் மாதிரி இருந்தது.

அழைப்பு முடிந்ததும் அவன் இருக்கைக்குப் போய், எல்லார் காதிலும் விழும்படி, “தப்பு என்னுதுப்பா” என்றேன். அவன் ஹெட்செட்டைக் கழற்றிக்கொண்டே, “விடுங்கக்கா. ஒரு டீ குடிச்சிட்டு வரட்டுமா?” என்றான். நாலு பேரில் ஒருத்தர் போனால் மூன்று. மூன்றில் வரிசை என்ன ஆகும் என்பது எனக்கு மனப்பாடம். “போய்ட்டு வா” என்று சொல்லிவிட்டு அவன் இருக்கையில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினேன். பஞ்சு ஈரமாக இருந்தது.

மறுநாள் முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரி எடுத்து மூன்றாவது பொத்தான் மேல் ஒட்டினேன். அமுக்க முடியாமல் இல்லை. அமுக்குவதற்கு முன்னால் விரலில் சொரசொரப்புத் தட்டும். அதன் பிறகு அதை அமுக்கியது ரெண்டே தடவை. ரெண்டு தடவையும் எங்கள் ஆளே கையை உயர்த்தி என்னைக் கூப்பிட்டார்.

நான் வேலையை விட்டு ரெண்டு வருஷம் ஆகிறது. காது கொஞ்சம் போச்சு, தூக்கம் முழுசாகத் திரும்பவில்லை, மற்றபடி சௌகரியம். என் மேசையில் இப்போது உட்காருவது தர்மபுரித் தம்பிதான். நோட்டையும் அவனிடமே கொடுத்துவிட்டு வந்தேன். நாற்பது பக்கம் தீர்ந்து, இன்னொரு நோட்டை அதோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்திருப்பதாகப் போட்டோ அனுப்பினான். புதுச் சொல் எது கிடைத்தாலும் எனக்கு வாட்ஸ்அப்பில் போடுவான். நான் பொருள் சொல்ல வேண்டும், அது ஒரு விளையாட்டு.

போன வாரம் வந்தது இது: “அக்கா, ‘லோ ஆயிருச்சு, சீக்கிரம் சீக்கிரம்’னு ஒரு அம்மா. என்னவா இருக்கும்?”

“சுகர்” என்று போட்டேன். “சர்க்கரைத் தண்ணி குடுக்கச் சொன்னியா? முழுங்குறாரான்னு கேட்டியா?”

“நம்ம புதுப் பொண்ணும் அதத்தான்க்கா கேட்டுச்சு. மாத்திரை எப்பப் போட்டாரு, சாப்ட்டாரான்னு வரிசையா.”

“அப்ப பி.பி.யா?”

கொஞ்ச நேரம் ‘டைப் செய்கிறார்’ என்று காட்டிக்கொண்டே இருந்தது.

“போன்ல சார்ஜுக்கா.”